டிரஸ்ட் மருத்துவமனையில் யூனியன் வைக்கவே முடியாதா?

திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்து ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர்கள் யூனியன் தொடங்கலாம் என்கிறார்கள். எச்ஆர் கூப்பிட்டு, "இது தர்ம ஸ்தாபனம், அதுவும் அத்தியாவசிய சேவை, இங்கே யூனியனுக்கு இடமே இல்லை" என்று சொல்லிவிட்டார். புது லேபர் கோட் வந்தபிறகு யூனியன் எல்லாம் செல்லாக்காசு என்று வேறொருவர் சொன்னாராம். இவை உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பேஷன்ட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நிற்க என்னால் முடியாது அக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலையும் போகாமல், நோயாளிக்கும் துரோகம் செய்யாமல் ஒரு நர்ஸ் தன் நியாயத்தைப் பேச வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அந்த வழி முன்பைவிட இப்போது குறுகலாகியிருக்கிறது. எங்கே குறுகியது என்று தெரிந்துகொண்டால்தான் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

நான் மும்பை மாநகராட்சி மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலம் முழுக்க யூனியனில் இருந்தேன். இப்போது தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கும், தாராவி, ஆன்டாப் ஹில் பக்கத்திலிருந்து ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கும் லேபர் ஆபீஸ் மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். வக்கீல் அல்ல. கீழே எது உறுதி, எது இழுபறி என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் டிரஸ்டின் பத்திரங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, அதற்குத் தொழிலாளர் வழக்கு நடத்தும் ஒரு வக்கீல் வேண்டும்.

முதலில் 'மருத்துவமனையில் யூனியன் கூடாது' என்ற பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பதில் கிடைத்ததே நம் ஊரில்தான். 1950களில் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் இரண்டு வார்டு ஊழியர்களை இழப்பீடு தராமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா என்ற சங்கம் வழக்குப் போட்டது. மருத்துவமனை ஒரு தொழிற்சாலையா என்ன, தொழில் தகராறு சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று பம்பாய் அரசு வாதாடியது. 1960இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பில், மருத்துவமனையும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. வார்டில் பெட்பேன் எடுத்த இரண்டு பேருக்காக ஒரு சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பதை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் 1970இல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் அமர்வில் வி.ஆர். கிருஷ்ணய்யர் மறுபடி திருப்பினார். முறையாக நடக்கும் ஒரு சேவை, அதில் முதலாளி தொழிலாளி என்ற உறவு, அது மக்களின் தேவையை நிறைவேற்றுவது, இவ்வளவு இருந்தால் போதும், லாப நோக்கம் இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை என்றார். தர்ம காரியம் என்று சொல்லிக்கொண்டாலும், மற்ற நிறுவனங்களைப் போலவே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து வேலை வாங்கினால் அதுவும் தொழில்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

இதுவரை சொன்னது வரலாறு, சந்தேகம் இல்லை. இனி சொல்வதில்தான் இழுபறி. 1982இல் நாடாளுமன்றம் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி மருத்துவமனைகளைப் பெயர் சொல்லியே வெளியே தள்ளியது. ஆனால் அந்தப் பகுதியை எந்த அரசும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. 1978 தீர்ப்பு சரிதானா என்ற கேள்வி 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் (நீங்கள் கேட்ட புது லேபர் கோடுகளில் ஒன்று இது) மருத்துவமனை என்ற பெயர் விலக்குப் பட்டியலில் இல்லை. இது நமக்குச் சாதகம். ஆனால் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ தர்மம், சமூக சேவை, கொடை இவற்றில் ஈடுபட்டிருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அது வெளியே வைத்திருக்கிறது. உங்கள் எச்ஆர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான்.

அந்த வரி உங்கள் மருத்துவமனைக்குப் பொருந்துமா என்பது பெயர்ப் பலகையில் 'டிரஸ்ட்' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவாகாது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவு இருக்கிறது. அதன்படி டிரஸ்ட் மருத்துவமனைகள் பத்து சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மீதி எண்பது சதவீதத்துக்கு என்ன கட்டணம் வாங்குகிறார்கள் என்று பில்லிங் கவுன்டரில் நிற்பவர்களுக்குத் தெரியும். 'பெரும்பகுதியாகத் தர்மம்' என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விலக்குக் கேட்கும் நிர்வாகத்துடையது என்றே எந்த வக்கீலும் உங்கள் சார்பில் வாதாடுவார். நீதிமன்றம் கடைசியில் என்ன சொல்லும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் எச்ஆர் அறையில் வைத்து முடிவு செய்துவிடும் விஷயம் இது இல்லை. ஒருவேளை அந்த விலக்குப் பொருந்தினாலும் சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது, அதை எந்த டிரஸ்ட் பத்திரமும் எடுத்துவிட முடியாது. குறைந்தபட்சச் சம்பளம், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, நியமனக் கடிதம் இதெல்லாம் வேறு சட்டங்களில் வருகின்றன, அவற்றுக்கு இந்த 'தொழில்' சண்டை குறுக்கே நிற்காது.

அடுத்தது 'அத்தியாவசிய சேவை'. இந்தச் சொல்லை வைத்துத்தான் நம் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துகிறார்கள். அது கட்டுப்படுத்துவது வேலைநிறுத்தத்தை. சங்கத்தில் சேருவதையோ, சந்தா கட்டுவதையோ, கோரிக்கை மனு கொடுப்பதையோ, நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுவதையோ அது தொடவே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மருத்துவமனைகளை உயிரோடு சம்பந்தப்பட்ட சேவை என்று ஏற்றுக்கொள்கிறது, அங்கே வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு இருக்கலாம் என்றும் சொல்கிறது. கூடவே, அப்படிக் கட்டுப்படுத்தினால் அதற்கு ஈடாக நடுநிலையான, வேகமான சமரச ஏற்பாடும் நடுவர் ஏற்பாடும் தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் முதல் பாதியை மட்டும் ஆர்வமாக எடுத்துக்கொண்டார்கள். சங்க உரிமை பற்றிய 87ஆம் உடன்படிக்கையையும் கூட்டுப்பேரம் பற்றிய 98ஆம் உடன்படிக்கையையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. வாயைக் கட்டுவதானால் காதையாவது திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம் எல்லாம்.

வேலைநிறுத்தம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது அடிப்படை உரிமை இல்லை என்று 1962லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வருகிறது. 2003இல் தமிழ்நாடு அரசு ஊழியர் வழக்கில், அரசு ஊழியருக்கு அந்த உரிமையே இல்லை என்று இன்னும் கடுமையாகச் சொன்னது. 2020 டிசம்பரில் டெல்லி எய்ம்ஸ் நர்ஸ்கள் சம்பளக் குறைபாட்டுக்காக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், மறுநாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. புதிய தொகுப்புச் சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் செய்ய முடியாது. பாதிப்பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "நாளைக்கு எல்லாரும் லீவ் போடுவோம்" என்று எழுதினால் தயவுசெய்து அதில் சேராதீர்கள். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதைவிட மோசம், நிர்வாகம் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுவீர்கள்.

அப்படியானால் வேலைநிறுத்தம் இல்லாமல் யூனியன் எதற்கு? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். நைட் டூட்டியில் முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம் நாட்டு அளவுகோல்களே ஐசியுவில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது வார்டில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்கின்றன. தனியாக ஒரு நர்ஸ் போய் மேட்ரனிடம் "ஆள் போதவில்லை" என்று சொன்னால் என்ன நடக்கும்? "மற்றவர்கள் எல்லாம் செய்யவில்லையா?" என்பார்கள், அடுத்த மாத டூட்டி லிஸ்டில் உங்கள் நைட் கூடியிருக்கும். அதே விஷயத்தை இருநூறு பேர் கையெழுத்தோடு, எந்தத் தேதியில், எந்த வார்டில், எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் என்று எழுதி ஒரு சங்கம் கொடுத்தால் அது ஆவணம். நாளைக்கு அந்த வார்டில் ஏதாவது நடந்து, விசாரணை என்று வந்து, பழியைத் தூக்கி நைட் ஸ்டாஃப் தலையில் போடப் பார்க்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

இது நோயாளிக்கு எதிரான காரியமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் ஏழு சதவீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். கலிஃபோர்னியாவில் நர்ஸ்கள் சங்கம் ஆண்டுக்கணக்காகப் போராடி, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற சட்டத்தை 1999இல் வாங்கியது. 2004இல் அது அமலுக்கு வந்தது. அவர்கள் நாடு வேறு, நம் வார்டு வேறு, அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் நர்ஸுக்கு மூச்சுவிட நேரம் இருந்தால் நோயாளிக்கு நல்லது என்பதை எந்த ஊரிலும் மறுக்க முடியாது.

மும்பையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1973இல் பரேல் கேஇஎம் மருத்துவமனைக்குள்ளேயே அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் தாக்கப்பட்டு நினைவு திரும்பாமல் போனார். அப்போது மும்பை நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவருக்கு நல்ல கவனிப்பும் தங்களுக்குப் பாதுகாப்பான வேலைச்சூழலும் கேட்டு. எண்பதுகளில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும் என்று மாநகராட்சி அவரை வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தபோது கேஇஎம் நர்ஸ்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். 2015இல் அவர் இறக்கும்வரை தலைமுறை தலைமுறையாக அவர்களே குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் படுத்திருந்தும் அவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டதும், தெருவில் நின்று கோஷம் போட்டதும் ஒரே கைகள்தான். நோயாளியா சங்கமா என்று உங்களை யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சம்பளக் கதையும் அப்படித்தான். 2011இல் மும்பையில் ஒரு இளம் மலையாளி நர்ஸ் பாண்ட் நெருக்கடியில் உயிரை விட்டார். பாண்ட் என்றால், குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். அந்த ஆண்டிலேயே கேரளத்தில் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் உருவாகி, தனியார் மருத்துவமனைகளில் பெரிய போராட்டங்கள் நடந்தன. நர்ஸ்கள் சங்கம் போட்ட வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50க்குக் கீழே எப்படியும் 20,000 ரூபாய். இது பரிந்துரைதான், மாநிலங்கள் எடுத்துச் செய்தால்தான் பலம். டெல்லி அரசு 2018இல் உத்தரவு போட்டது, மருத்துவமனை முதலாளிகள் போட்ட வழக்கை 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளியது. கேரளம் 2018இல் அடிப்படைச் சம்பளத்தை 20,000 ஆக்கி அறிவித்தது. அமைப்பாக நின்ற இடத்தில் காகிதம் கொஞ்சமாவது பணமாக மாறியிருக்கிறது.

இப்போது எங்கே காவல் வேண்டும் என்று சொல்கிறேன். பதிவு செய்வது பெரிய கஷ்டமில்லை. வேலை செய்பவர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர், எப்படியும் ஏழு பேருக்குக் குறையாமல் உறுப்பினராக இருந்தால் போதும். சிரமம் அதற்குப் பிறகுதான். ஒன்றுக்கு மேல் சங்கம் இருக்கும் இடத்தில் புதிய சட்டப்படி 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தைக்கு உரியது. அப்படி யாரும் இல்லையென்றால் குறைந்தது இருபது சதவீதம் உள்ளவை சேர்ந்து ஒரு குழு. நிர்வாகமே தனக்கு வேண்டியவர்களை வைத்து இன்னொரு சங்கம் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கு எளிதில் குலையும். மகாராஷ்டிரத்துக்கென்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதில் முப்பது சதவீத உறுப்பினர் இருந்தாலே அங்கீகாரம் கேட்கலாம், பழிவாங்கினால் தொழிற் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். புதிய சட்டத்தோடு அது எப்படி இணைந்து ஓடும் என்பது நீதிமன்றங்கள் தெளிவாக்க வேண்டிய விஷயம், வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இன்னொன்று காண்ட்ராக்ட். ஒரே வார்டில் நர்ஸ் மருத்துவமனை ஆள், மௌசி (ஆயா) ஒரு ஏஜென்சி ஆள், வார்டுபாய் இன்னொரு ஏஜென்சி ஆள். துப்புரவு போன்ற வேலைகளைப் 'பிரதானமல்லாத' வேலை, அதாவது காண்ட்ராக்டுக்கு விடக்கூடிய வேலை என்று இன்னொரு புதிய சட்டம் வைத்திருப்பதால் இது இன்னும் பெருகும். நான் பார்த்தவரை நர்ஸ்கள் தனியாகச் சங்கம் வைத்த இடங்களைவிட, மௌசிகளையும் சேர்த்துக்கொண்ட இடங்களில்தான் நிர்வாகம் மரியாதையாகப் பேசியிருக்கிறது. மலையாளிக்கு ஒரு குரூப், தமிழருக்கு ஒரு குரூப், மராட்டியருக்கு ஒரு குரூப் என்று பிரிந்தால் வேலை முடிந்தது. ஊசி குத்தி ஹெபடைடிஸ் வந்தால் அது யார் ஆள் என்று கேட்டு வருவதில்லையே.

பதவிப் பெயரையும் கவனியுங்கள். மேற்பார்வை வேலையில் இருந்து 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் சட்டப்படி 'தொழிலாளி' இல்லை. அதனால் திடீரென்று எல்லாரையும் 'டீம் லீடர்' ஆக்கி லெட்டர் கொடுப்பார்கள். பெயரைவிடச் செய்யும் வேலையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். நீங்கள் ஊசி போட்டு, டிரெஸ்ஸிங் மாற்றி, சார்ட் எழுதுகிறீர்கள் என்றால் டீம் லீடர் என்ற பட்டம் அதை மாற்றாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவது, இடம் மாற்றுவது, வேலையை விட்டு நீக்குவது எல்லாம் புதிய சட்டத்திலும் நியாயமற்ற தொழில் நடைமுறைதான், பத்தாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. வேலை போகவே போகாது என்று நான் சொல்ல மாட்டேன். புரொபேஷனில் இருப்பவர்களையும், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களையும் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள், அதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் முதல் நிர்வாகிகளாக நிரந்தர ஊழியர்களே முன்னால் நிற்கட்டும். நிர்வாகிகளில் சிலரைப் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' என்று அறிவிக்கக் கேட்கும் வழியும் இருக்கிறது, வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர்களை அனுமதி இல்லாமல் நீக்க முடியாது.

பாண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை இல்லை, இது உறுதி. பாண்ட் பணம் வேறு விஷயம். 2025இல் ஒரு அரசு வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் பாண்ட் எல்லாமே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தொகை நியாயமானதா, உண்மையில் உங்களுக்குப் பயிற்சி என்று என்ன செலவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது: நியமனக் கடிதம், சம்பள ஸ்லிப், டூட்டி லிஸ்ட் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் வையுங்கள், நோயாளியின் பெயரோ கேஸ் பேப்பரோ அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நைட்டில் எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கூட்டம் பேசுவதானால் மருத்துவமனைக்கு வெளியே, டூட்டி இல்லாத நேரத்தில் பேசுங்கள். எச்ஆர் சொன்ன 'யூனியன் கூடாது' என்பதை எழுத்தில் தரச் சொல்லி மரியாதையாக ஒரு மெயில் அனுப்புங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.